நான் சராசரிதானோ? கலையோடு வாழ ஏங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எழுத வேண்டும், வரைய வேண்டும், பாட வேண்டும் என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டே, ‘நமக்கெல்லாம் அது வராது’ என்று ஒதுங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும், அவர்கள் தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டுவதைப் படிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த துறை எழுத்து என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசியிருப்பேன். மற்றக் கலைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

‘நான் சராசரிதான்’ என்ற எண்ணம் ஏன் இவ்வளவு அழுத்துகிறது?

நல்லதைப் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு இருப்பது ஒரு காரணம். சிறு வயதிலிருந்து வாசித்திருக்கிறீர்கள், கேட்டிருக்கிறீர்கள், பார்த்திருக்கிறீர்கள். எது நன்றாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கைக்கு அத்தனை ஆண்டுப் பழக்கம் இல்லை. ரசனை முன்னே போய்விட்டது, கை பின்னால் வருகிறது. நடுவில் இருக்கும் தூரம்தான் வலிக்கிறது. ரசனை வளராதவருக்கு இந்த வலியே வருவதில்லை; முதல் கவிதையிலேயே திருப்தி அடைந்துவிடுவார்.

இன்னொரு காரணம் ஒப்பீடு. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: தன் திறமையை அளக்கக் கண்கூடான அளவுகோல் இல்லாதபோது மனிதன் பிறரோடு ஒப்பிட்டு அளக்கிறான். ஓட்டப்பந்தயத்துக்குக் கடிகாரம் இருக்கிறது. கவிதைக்கு என்ன இருக்கிறது? அதனால்தான் கலை பழகுகிறவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அக்கம்பக்கம் பார்க்கிறார்கள். முன்பு அக்கம்பக்கம் என்பது கூடப் படித்த நாலு பேர். இப்போது கைப்பேசியைத் திறந்தால் உலகத்தின் மிகச் சிறந்த ஓவியமும் பாட்டும் வரிசையாக வந்து நிற்கின்றன. அவர்கள் கிழித்துப் போட்டது எதுவும் நம் கண்ணில் படாது. நாம் கிழித்துப் போட்டது அத்தனையும் நமக்குத் தெரியும். இப்படி ஒப்பிட்டால் யாராக இருந்தாலும் தோற்றுத்தான் போவார்கள்.

எனக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. பத்துக் கதையைப் படித்துவிட்டு ‘உனக்கு வராது’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். ‘நீ பெரிய ஆளாக வருவாய்’ என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். எழுதிய கதையைப் பற்றி ஒருவர் சொல்ல முடியும். எழுதப்போகும் கதையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இந்தக் கேள்விக்குள் ஒரு பொறி இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘திறமை இருக்கிறது என்று உறுதியானால் உழைக்கிறேன்’ என்று மனம் பேரம் பேசுகிறது. உழைத்த பிறகே கிடைக்கக்கூடிய பதிலை உழைப்பதற்கு முன்பே கேட்கிறது. ஆண்டுகள் கழிந்துவிடும், பதிலும் வராது, கதையும் வராது.

எழுதியதை மறுநாள் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. இது சராசரி என்பதற்கு அடையாளம்தானே?

இல்லை. ஆனால் அந்தப் பிடிக்காமையை எப்படிக் கையாள்கிறீர்கள் என்பது முக்கியம்.

பெரும்பாலானோர் செய்வது இது: கதையைப் படிக்கிறார்கள், நன்றாக இல்லை என்று தெரிகிறது, உடனே ‘நான் லாயக்கில்லை’ என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். கதையிலிருந்து ஆளுக்கு ஒரே தாவல். நடுவில் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் விடுபட்டுப் போகின்றன. எந்தப் பத்தியில் சலிப்புத் தட்டியது? அந்த அம்மா பாத்திரம் ஏன் பேச்சு முழுவதையும் விளக்கமாகவே பேசுகிறாள்? கதை மூன்றாம் பக்கத்தில்தானே ஆரம்பிக்கிறது, முதல் இரண்டு பக்கம் எதற்கு? இப்படிக் கேட்டால் சோர்வு வேலையாக மாறிவிடும். ‘நான் சராசரி’ என்பதற்கு ஒரு மருந்தும் கிடையாது. ‘முதல் இரண்டு பக்கம் தேவையில்லை’ என்பதற்கு ஒரு பேனா போதும்.

பீத்தோவனின் குறிப்பேடுகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரே மெட்டை எழுதி, அடித்து, மாற்றி, மறுபடி அடித்து, விட்டுவிட்டுத் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். முதல் வடிவங்களில் பல சாதாரணமானவை. இன்று நாம் கேட்பது அவர் விடாமல் துருவியதன் கடைசி நிலை. அவருக்கும் முதலில் வந்தது பிடிக்கவில்லை என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. பிடிக்காததை அவர் தன்மேல் போட்டுக்கொள்ளவில்லை, தாள்மேல் போட்டார்.

ஒரு நடைமுறை யோசனை. எழுதிய அன்றே படித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில வாரம் பெட்டியில் போட்டு வையுங்கள். பிறகு எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் கோடு போடுங்கள். அன்றைக்கு அந்தக் கோடு போட்ட இடங்களை மட்டும் சரிசெய்யுங்கள். உங்களைப் பற்றிய பெரிய கேள்விகள் எதையும் அந்த வேளையில் தொடாதீர்கள்.

எதைத் தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடுகிறேன். ஏன்?

பாதியில் இருக்கும் கதை இன்னும் மகத்தானதாக ஆகலாம். முடித்த கதை அது எதுவோ அதுதான். அந்த உண்மையைச் சந்திக்கப் பயந்துதான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது நான் பார்த்த வரையில் தெரிந்தது. சோம்பேறித்தனம் என்று அவர்கள் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். அது சோம்பல் அல்ல, பயம்.

முடிக்காமல் கற்றுக்கொள்ள முடியாத விஷயங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் போட்ட முடிச்சு கடைசியில் அவிழ்கிறதா என்பது கடைசி வரை போனவருக்குத்தான் தெரியும். நூறு தொடக்கம் எழுதியவருக்குத் தொடங்க மட்டும்தான் தெரியும். அதனால் சிறியதாகத் தொடங்குங்கள்: நாவல் வேண்டாம், நான்கு பக்கக் கதை. மோசமாக முடிந்தாலும் முடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீன் கீத் சைமன்டன் என்ற ஆய்வாளர் புகழ்பெற்ற படைப்பாளிகள், அறிவியலாளர்களின் வாழ்நாள் படைப்புப் பட்டியல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒருவருடைய சிறந்த படைப்புகள் பெரும்பாலும் அவர் அதிகமாகப் படைத்த காலத்திலேயே வருகின்றன. அதே காலத்தில்தான் அவருடைய தோல்விகளும் அதிகம் என்று அவர் கண்டார். எது நிற்கும், எது விழும் என்று படைத்தவருக்கே முன்கூட்டித் தெரிவதில்லை. ஆகவே ஒரே ஒரு மாபெரும் படைப்பைக் குறிவைத்துப் பத்து ஆண்டு காத்திருப்பதைவிட, அந்தப் பத்து ஆண்டிலும் முடித்துக்கொண்டே போவது நல்லது.

சரி. இவ்வளவு உழைத்தும் கடைசியில் நான் சராசரியாகவே இருந்துவிட்டால்?

இருந்துவிடலாம். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உழைப்பு உங்களை இப்போது இருப்பதைவிட நல்ல எழுத்தாளராக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். பெரிய எழுத்தாளராக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

ஆனால் உங்கள் ஏக்கம் எதற்கானது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்ட் பெகெட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் படைப்பாற்றலை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். கற்கும்போது தனக்குள் புதிதாக ஒன்றைக் கண்டுகொள்வது ஒரு படி. அன்றாட வாழ்வில் தன் கையால் ஒன்றைப் படைப்பது அடுத்தது. தொழில்முறைத் தேர்ச்சி மூன்றாவது. வரலாற்றில் நிற்கும் மேதைமை நான்காவது. என்னிடம் வந்து கலங்கியவர்களில் பலருக்கு உண்மையான ஏக்கம் இரண்டாம் படியைச் சேர்ந்தது. வாரத்தில் சில மணி நேரம் தனியாக உட்கார்ந்து, இல்லாத ஒன்றை உண்டாக்கும் சுகம் வேண்டும், அவ்வளவுதான். தங்களுக்குத் தீர்ப்பு எழுதும்போது மட்டும் நான்காம் படியின் அளவுகோலை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அளவுகோலின்படி உலகத்தில் கிட்டத்தட்ட எல்லோருமே தேறாதவர்கள்.

உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள். கதை நன்றாக வரும், ஆனால் எழுதியது நீங்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்றால் எழுதுவீர்களா? ‘ஆம்’ என்றால் உங்களுக்குத் தேவையானது இன்றைக்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘இல்லை’ என்றாலும் வெட்கப்பட வேண்டாம். மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசை மனித ஆசைதான். அதற்குக் கலையைத் தவிர வேறு வழிகளும் உண்டு என்று தெரிந்துகொள்வது பெரிய விடுதலை.

குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களை எழுதியவர் யார் என்றே தெரியவில்லை. பாட்டில் வரும் உவமையையே பெயராக்கி வைத்துவிட்டார்கள்: செம்புலப்பெயனீரார், கல்பொருசிறுநுரையார், மீனெறிதூண்டிலார், குப்பைக்கோழியார். குப்பைமேட்டில் சண்டையிடும் கோழிகளை விலக்கிவிட ஆள் இல்லாததுபோல், தன் காமநோயைத் தீர்க்கவும் யாரும் இல்லை என்கிறாள் ஒருத்தி. அந்த ஒரு காட்சி இரண்டாயிரம் ஆண்டுப் பக்கம் கடந்து வந்திருக்கிறது. எழுதியவர் பெரும்புலவரா, ஊரில் சாதாரணமாக மதிக்கப்பட்டவரா, நமக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தொலைந்துபோன பாடல்களைப் பற்றியும் நான் அடிக்கடி நினைப்பேன். தொகைக்குள் வராமல் போனவை எத்தனையோ இருந்திருக்க வேண்டும். அவற்றைக் கட்டியவருக்கும் சொல் வந்து பொருந்திய அந்தக் கணம் கிடைத்தது. கேட்டவர் ஒருவராவது தலையசைத்திருப்பார். ஓலை அழிந்தது என்பதற்காக அந்தக் கணம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

எனக்கு வயதாகிவிட்டது. இனிமேல் தொடங்கி என்ன பயன்?

கி. ராஜநாராயணன் முப்பது வயதைத் தாண்டிய பிறகே சிறுகதைக்கு வந்தார். ஆங்கில நாவலாசிரியர் பெனலோபி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல் 1977இல், அவருக்கு 60 வயதில் வெளிவந்தது. 1979இல் புக்கர் பரிசு பெற்றார். வின்சென்ட் வான் கோ ஓவியனாவது என்று முடிவெடுத்தபோது 27 வயது. 37 வயதில் இறந்துபோனார். நாம் பார்க்கும் அத்தனையும் பத்தே ஆண்டுகளில் வரைந்தவை.

நடனம், சில இசைக் கருவிகள் போன்றவற்றில் உடல் இளமையில் பழகியிருக்க வேண்டும் என்பது உண்மை. எழுத்துக்கு அந்தத் தடை இல்லை. வாழ்ந்த ஆண்டுகள் எழுத்தில் சரக்காகத்தான் சேரும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால்தான் உருப்படுமா?

இந்தக் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் ‘அவசரப்படாதீர்கள்’ என்பதுதான்.

ஃபிரான்ஸ் காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். வேலை மதியம் இரண்டு மணிக்கு முடியும், எழுதுவது இரவில். அந்த வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. நாட்குறிப்பு முழுக்கப் புலம்பல்தான். ஆனாலும் எழுதினார். அந்தோணி டிராலப் ஆங்கிலேய அஞ்சல் துறையில் இருந்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு வைத்து எழுதினார். 47 நாவல்கள். ப. சிங்காரம் நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்தபடி எழுதியது இரண்டே நாவல்கள். தமிழ் நாவலைப் பற்றிப் பேசும் எவரும் இன்று அவரைத் தாண்டிப் போக முடியாது.

சம்பளம் எழுத்தின்மேல் விழும் பாரத்தைக் குறைக்கிறது. அடுத்த மாத வாடகையைக் கவிதைதான் கட்ட வேண்டும் என்ற நிலையில் கவிதை சுதந்திரமாக மூச்சுவிடாது. சேமிப்பு இருக்கிறது, நம்பி இருப்பவர்கள் சம்மதிக்கிறார்கள், ஏற்கெனவே ஒழுங்காக எழுதி முடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அப்போது யோசிக்கலாம். வேலையில் இருக்கும்போது வாரம் மூன்று மணி நேரம் எழுதாதவர், வேலையை விட்ட பிறகு திடீரென்று முப்பது மணி நேரம் எழுதிவிடுவதை நான் பார்த்ததில்லை.

நேரமே கிடைப்பதில்லையே?

சிலருக்கு உண்மையாகவே கிடைப்பதில்லை. கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் பெற்றோர், இரண்டு வேலை. அவர்களிடம் ‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு சிறு நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். பார்த்த முகம், காதில் விழுந்த பேச்சு. பின்னால் கைகொடுக்கும். மற்றவர்கள் வாரத்தில் மாறாத இரண்டு வேளைகளைக் குறித்து, அவற்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிப் பாருங்கள்.

என்னோடு தொடங்கிய நண்பனின் புத்தகம் வந்துவிட்டது. வாழ்த்துச் சொன்னேன், உள்ளே எரிகிறது.

எரியட்டும். பொறாமை வந்ததால் நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. முன்னே சொன்ன ஃபெஸ்டிங்கரின் கருத்துப்படியே, நம்மைப் போன்றவரோடு ஒப்பிடும்போதுதான் நமக்கு அதிகம் உறைக்கும். எங்கோ இருக்கும் மேதையின் வெற்றி உங்களைத் தொடுவதில்லை, கவனித்திருப்பீர்கள்.

அவருடைய புத்தகத்தைப் படியுங்கள். நல்ல வாசகராகப் படியுங்கள், பென்சிலோடு. எங்கே நன்றாகச் செய்திருக்கிறார் என்று குறித்து, அதை அவரிடமே போய்ச் சொல்லுங்கள். எரிச்சல் முற்றிலும் போய்விடாது, ஆனால் அதன் கூர்மை மழுங்கும். நட்பும் தப்பும்.

எழுதியதை இணையத்தில் போடலாமா? விருப்பக்குறிகள் வராவிட்டால் மனம் உடைகிறது.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. வரைவதில் ஆசை உள்ள சின்னக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். குழந்தைகள் வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். சில நாள் கழித்து விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் தாமாக வரைவதில் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். பரிசு வந்ததும் ஆசை வடிந்துவிட்டது.

அதனால் தொடக்கத்தில் இணையத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். அதற்குப் பதிலாக இரண்டு மூன்று பேரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்கள்மேல் அக்கறை உள்ளவர்களாகவும், நிறையப் படிப்பவர்களாகவும் இருக்க வேண்டும். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். ‘எந்த இடத்தில் கவனம் சிதறியது?’ என்று கேளுங்கள்.

வீட்டில் ‘இதெல்லாம் எதற்கு, காசு வருமா’ என்கிறார்கள்.

வாதாடி ஜெயிக்க முடியாது. அவர்கள் கேள்விக்குள் உங்களைப் பற்றிய கவலையும் இருக்கிறது. உங்கள் எழுத்து நேரத்தால் வீட்டு வேலை யார் தலையிலாவது கூடுதலாக விழுகிறதா என்று நேர்மையாகப் பார்த்து, அதைச் சரிசெய்யுங்கள். மீதி காலப்போக்கில் அடங்கும்.

கணினியே கதை எழுதுகிறது, படம் வரைகிறது. நான் எதற்கு?

விற்பனைக்கு வரைகிறவர்களின் பிழைப்பை இது பாதிக்கிறது. அந்தக் கவலை நியாயமானது. பிழைப்புக்காக இல்லாமல் எழுதுகிறவருக்கு என் பதில் வேறு. நீங்கள் எழுதும்போது உங்கள் பாட்டியின் கையை நினைவிலிருந்து எடுத்து, அது எப்படி இருந்தது என்று சொல் தேடுகிறீர்கள். அந்தத் தேடலில் உங்களுக்குள் நடப்பதை வேறு எதுவும் உங்களுக்காக நடத்திக்கொடுக்காது.

விட்டுவிடுவது தப்பா?

தப்பே இல்லை. பல ஆண்டுகளாகச் சுமந்துவந்த ஆசை இப்போது வெறும் குற்றவுணர்வாக மட்டும் மிஞ்சியிருந்தால் இறக்கி வைக்கலாம். நல்ல வாசகராக, நல்ல ரசிகராக இருப்பதும் கலையோடு வாழும் வாழ்க்கைதான். ஒரு நிபந்தனை மட்டும்: சோர்ந்திருக்கும் நாளில் அந்த முடிவை எடுக்காதீர்கள். ஆறு மாதம் ஓய்வு என்று வைத்துக்கொண்டு பாருங்கள். எழுதாத ஆறு மாதம் நிம்மதியாகக் கழிந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

எழுத்தில் மட்டும் இல்லை, எதிலுமே ஆர்வம் இல்லை. தூக்கமும் கெட்டுப்போய்விட்டது.

அப்படியென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் விடாமல் ஓடுவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியது. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். இன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். துன்பப்பட்டால்தான் கலை வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நோயில் கிடந்த நாட்களில் பல கலைஞர்களால் ஒன்றுமே செய்ய முடிந்ததில்லை.

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. மறுபடி எப்படி உட்கார்வது?

பழைய பாதிக் கதைகளைத் திறக்காதீர்கள். அவை பழைய தீர்ப்புகளோடு காத்திருக்கும். புதிய தாள். கைப்பேசி வேறு அறையில். இருபது நிமிடம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பதை எழுதுங்கள்: துணி மடிக்கிறார், சைக்கிளைத் துடைக்கிறார், எதுவானாலும் சரி. அவர் நல்லவர், பாவம் என்றெல்லாம் சொல்லாமல், கை என்ன செய்தது, கண் எங்கே இருந்தது என்று மட்டும். நேரம் முடிந்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். நாளைக்கு அங்கிருந்தே தொடங்கலாம்.